ஒட்டுப் போடுமுன் துணியைப் பார்ப்போம்

மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று, நம் இல்லங்களில் இரவுச் செபம் முடிந்து விளக்கணைக்கும் வேளையில், அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணியாகின்றது. அந்நேரத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் இயங்குதளத்திற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிடுகின்றது. 2003-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இம்முறை வழக்கில் உள்ளது. மறுநாட் காலை பங்கு அலுவலகத்திலோ, பள்ளியிலோ, வீட்டிலோ கணினியைத் திறப்பவர் முன், ‘புதுப்பிப்பு வந்துள்ளது, மீண்டும் தொடங்குக’ என்னும் அறிவிப்பு நிற்கின்றது. உள்ளே இருப்பது யாதென்று பாராமலே பொத்தானை அழுத்துவோர் ஒரு சாரார். அறிவிப்பைக் கண்டவுடன் அஞ்சி, நாள்தோறும் ‘பிறகு’ என்று தள்ளிக்கொண்டே செல்வோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் இடையே, அப்புதுப்பிப்பு என்ன செய்யவிருக்கின்றது என்பதைப் படித்தறிந்து முடிவு செய்வோர் மிகச் சிலரே.

இது குறித்து எழுதுமாறு நம்மைத் தூண்டியது கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து வந்த கடிதம். எழுதியவர் ஓர் இல்லத்தரசி. கணவரும் அவரும் வீட்டின் முன்னறையில் கணினித் தட்டச்சும் அச்சும் செய்து பிழைக்கின்றனர். திருமண அழைப்பிதழ், நினைவு அஞ்சலி அட்டை, பங்குத் திருவிழாத் துண்டறிக்கை, பிள்ளைகளின் விண்ணப்பப் படிவம் ஆகியவையே அவர்களது வருவாய். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புதுப்பிப்புக்குப் பின் அச்சுப்பொறி மூன்று நாள்கள் இயங்கவில்லையாம். அது திருமணக் காலம். கோபங்கொண்ட கணவர், தெரிந்த ஒருவரை அழைத்துப் புதுப்பிப்பே வாராதபடி நிரந்தரமாக அடைத்துவிட்டார். “சாமி, மூத்த மகள் கல்லூரியில் கணினி படிக்கிறாள். இது ஆபத்து என்கிறாள். அவரோ, சோறு போடும் பெட்டியில் கைவைக்காதே என்கிறார். இதனால் வீட்டில் பேச்சுவார்த்தையே குறைந்துவிட்டது” என்று அந்த அம்மையார் எழுதியுள்ளார்.

கணவரின் அச்சத்தை நாம் இகழமாட்டோம். பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்பதனை நம் ஆண்டவரே உவமையாகக் கையாண்டார். மென்பொருட்காரர் இப்புதுப்பிப்புகளை ஆங்கிலத்தில் ‘ஒட்டு’ என்னும் பொருள்படும் சொல்லாலேயே அழைக்கின்றனர் என்பது வியப்புக்குரியது. சில வேளைகளில் ஒட்டினால் ஆடை கிழிவதும் உண்மையே. அதற்காக ஒட்டே வேண்டாம் என்பது சரியாகுமா? ஒட்டின் தன்மையை முன்கூட்டி அறிய வழியிருக்கும்போது அறியாமலிருப்பதுதான் தகுமா?

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றபோது நாம் கற்ற ஒரு செய்தி ஈண்டு நினைவுக்கு வருகின்றது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 8-ஆம் விதியின்படி, திருச்சபை முழுமைக்குமான ஒரு சட்டம் திருப்பீடத்தின் அதிகார இதழில் வெளியான அன்றே நடைமுறைக்கு வருவதில்லை. வேறு விதமாகக் குறிப்பிட்டாலன்றி, மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது கட்டுப்படுத்தும். மக்கள் படித்துத் தெளிய வேண்டும் என்பதற்கே இவ்வவகாசம். சட்டம் இயற்றுவோர்க்கு இருக்க வேண்டிய நற்பண்பு இது. கணினி நிறுவனங்களும் தம் புதுப்பிப்புகளைப் பற்றிய விளக்கத்தை எழுதி வெளியிடவே செய்கின்றன. ஆனால் அவை அதனைப் படிக்கும்படி நம்மை அழைப்பதில்லை. பொத்தான் பெரிதாகவும் விளக்கம் சிறிதாகவும் இருக்கும். அதனைத் தேடிச் செல்லும் பொறுப்பு நம்முடையதாகின்றது.

எங்கே தேடுவது? விண்டோஸ் கணினியில் ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து ‘விண்டோஸ் அப்டேட்’ என்னுமிடத்திற்குச் சென்றால், வந்துள்ள புதுப்பிப்பின் பெயர் காணப்படும். அப்பெயரோடு ‘கே.பி.’ என்னும் இரு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் சேர்ந்து நிற்கும். இதுவே அப்புதுப்பிப்பின் பதிவெண். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒருவரைக் கண்டுபிடிக்க ஆண்டும் எண்ணும் எவ்வாறு உதவுமோ, அவ்வாறே இவ்வெண்ணும் உதவும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இவ்வெண்ணைக் கொடுத்தால் அதற்குரிய கட்டுரை கிடைக்கும். வெளியான நாள், எந்தப் பதிப்புக்கு உரியது, எவை திருத்தப்பட்டன, நிறுவுவதற்கு முன் இருக்க வேண்டியவை யாவை என்பன அதில் வரிசையாக இருக்கும். முன்னரே நிறுவியவற்றைப் பற்றி அறிய ‘அப்டேட் ஹிஸ்டரி’ என்னும் பட்டியல் அதே இடத்தில் உண்டு.

இக்கட்டுரையில் நம்மவர் முதலில் படிக்க வேண்டியது தலைப்பையன்று. நடுவில் இருக்கும் ‘அறியப்பட்ட சிக்கல்கள்’ என்னும் பகுதியையே. இப்புதுப்பிப்பால் என்னென்ன கோளாறு நேர்ந்துள்ளது, அதற்குத் தற்காலிக மாற்று யாது என்பதை நிறுவனமே அங்கு ஒப்புக்கொண்டு எழுதுகின்றது. இப்பகுதி முதல் நாளில் வெறுமையாக இருக்கலாம். உலகெங்கும் உள்ளோர் முறையிட முறையிட, அடுத்தடுத்த நாள்களில் வரிகள் சேரும். ஆகவே செவ்வாய் இரவு படிப்பதை விட அவ்வாரக் கடைசியில் படிப்பது பயன் மிகுந்தது.

அச்சுத் தொழில் செய்வோருக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்வோம். 2021-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள், விண்டோஸ் 10-இன் அன்றைய பதிப்புகளுக்கு கே.பி. 5000802 என்னும் புதுப்பிப்பு வந்தது. அதனை நிறுவிய பின் சில வகை அச்சுப்பொறிகளுக்குத் தாளை அனுப்பியவுடன் கணினியே நீலத்திரை காட்டி நின்றுபோயிற்று. முறையீடுகள் குவிந்தன. நிறுவனம் அச்சிக்கலைத் தன் கட்டுரையில் குறிப்பிட்டு, மார்ச் 15-ஆம் நாள் திருத்தப் புதுப்பிப்பு ஒன்றை வழக்கமான நாளுக்குப் புறம்பாக வெளியிட்டது. அத்துடன் முடியவில்லை. அச்சில் படங்கள் விடுபடுவதும் வெற்றுத்தாள் வருவதுமான குறைகளை நீக்க மார்ச் 18-ஆம் நாள் மற்றொன்றும் வந்தது. அச்சகம் நடத்துபவர் அவ்வாரம் பொறுமையோடு இருந்து, கட்டுரையை இரு முறை பார்த்திருந்தால், பத்தே நாள்களில் பாதையெல்லாம் செப்பனிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்.

இதுவரை கேட்ட கணவர், “பார்த்தாயா, நான் சொன்னது சரியாயிற்று” என்பார். ஆயின் இவ்வரலாற்றுக்கு இரண்டாம் பகுதியும் உண்டு. அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில், விண்டோஸின் அச்சுப் பணியிலேயே ஒரு கொடிய ஓட்டை இருப்பது வெளிப்பட்டது. அச்சுக்கு அனுப்பும் தாள்களை வரிசையில் நிறுத்திக் கருவிக்கு ஒவ்வொன்றாக அனுப்பும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்னும் பகுதியே அது. ஆய்வாளர் சிலர், ஜூன் மாதப் புதுப்பிப்பால் இது அடைக்கப்பட்டுவிட்டதெனத் தவறாக எண்ணி, ஓட்டையைப் பயன்படுத்தும் முறையையே வெளியிட்டுவிட்டனர். பின்பு திரும்பப் பெற்றனர். எனினும் அதற்குள் அது பரவிவிட்டது. வீட்டின் சாவியை வேலியில் தொங்கவிட்ட கதையாயிற்று. ‘பிரிண்ட் நைட்மேர்’ என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. உள்ளே நுழைந்தவன் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றக்கூடிய ஓட்டை அது. நிறுவனம் அடுத்த செவ்வாய் வரை காத்திராமல் ஜூலை 6-ஆம் நாளே அவசரப் புதுப்பிப்பு வெளியிட்டது.

மார்ச் மாதத்தில் அச்சுப்பொறிக்காகக் கதவை அடைத்தவர் எவரோ, அவரே ஜூலையில் அச்சுப்பணியின் ஓட்டைக்கு மருந்து பெறாதவரானார். இவ்வேடிக்கையை அந்த அம்மையாரின் கணவர் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். நேர்மையாக மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜூலை மாத அவசரப் புதுப்பிப்பும் குறையற்றதன்று. யு.எஸ்.பி. வழியே இணையும் ரசீது அச்சுப்பொறிகளும் ஒட்டுச்சீட்டு அச்சுப்பொறிகளும் சில, அதன் பின் இயங்க மறுத்தன. அதுவும் ‘அறியப்பட்ட சிக்கல்கள்’ பகுதியில் எழுதப்பட்டது. ஆகஸ்டு 10-ஆம் நாள் வந்த புதுப்பிப்போ, வலையமைப்பில் உள்ள அச்சுப்பொறிக்கான இயக்கி மென்பொருளை நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும் என்று விதியையே மாற்றியது. இது பழுதன்று, வேண்டுமென்றே செய்த மாற்றம். கட்டுரையைப் படித்தவருக்கு இவ்வேறுபாடு விளங்கியது. படியாதவர் அச்சுப்பொறியை மெக்கானிக்கிடம் தூக்கிச் சென்றிருப்பார்.

கே.பி. கட்டுரைகளில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. பல மாதங்களில் சிறப்புக் குறிப்பு என்ற பெயரில், ‘இப்புதுப்பிப்பு உங்கள் இயங்குதளத்தின் பாதுகாப்புச் சிக்கல்களைத் தீர்க்கின்றது’ என்னும் அளவில் நிறுத்திக்கொள்வார்கள். மருந்துக் குப்பியின்மேல் ‘இது நோய் தீர்க்கும்’ என்று மட்டும் அச்சிட்டால் ஏற்போமா? கைப்பேசிச் செயலிகள் சிலவற்றின் குறிப்போ இன்னும் மோசம். எல்லா முறையும் அதே ஒற்றை வரி.

எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்பதை அறிய வேறோர் ஏட்டைப் புரட்ட வேண்டும். ஓட்டைகளுக்கு உலகப் பொதுவான எண் இடும் முறை 1999-இல் தொடங்கியது. ‘சி.வி.இ.’ என்னும் எழுத்துகளும், ஆண்டும், வரிசை எண்ணும் சேர்ந்தது அது. மேலே சொன்ன அச்சுப்பணி ஓட்டையின் எண் சி.வி.இ. 2021-34527. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘செக்யூரிட்டி அப்டேட் கைடு’ என்னும் வழிகாட்டியில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பக்கம் வைத்துள்ளது. அப்பக்கத்தில் 0 முதல் 10 வரையிலான மதிப்பெண் ஒன்று இருக்கும். 9-க்கு மேல் மிகக் கடுமை, 7-க்கு மேல் கடுமை என்று பொருள். பலரும் இம்மதிப்பெண்ணைப் பார்த்தே மயங்கியோ மருண்டோ போகின்றனர். நாம் அதனினும் மேலாகக் கருதுவது அதன் அருகே உள்ள இரு சிறு வினாக்களையே: இவ்வோட்டை முன்பே வெளியில் தெரிந்துவிட்டதா? இதனைக் கொண்டு எவரேனும் தாக்கத் தொடங்கிவிட்டனரா? இரண்டாம் வினாவுக்கு ‘ஆம்’ என்றிருப்பின் காத்திருப்பதற்கு இடமில்லை. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘சிசா’ 2021 நவம்பர் முதல், உண்மையில் தாக்குதலுக்கு உள்ளாகும் ஓட்டைகளை மட்டும் தொகுத்துப் பட்டியலிட்டு வருகின்றது. அப்பட்டியலில் எண் உள்ளதா எனப் பார்ப்பது எளிது.

மேலும் இரு குறிப்புகள் அதே பக்கத்தில் உண்டு. தாக்குபவன் வலை வழியாகத் தொலைவிலிருந்து வரக்கூடுமா, அன்றிக் கணினியின் முன்னே வந்தமர வேண்டுமா என்பது ஒன்று. நாம் ஏதேனும் கோப்பைத் திறந்தால்தான் அவன் நுழைய முடியுமா, நாம் ஒன்றும் செய்யாதிருப்பினும் நுழைவானா என்பது மற்றொன்று. தொலைவிலிருந்து, நம் செயல் எதுவுமின்றி நுழையக்கூடிய ஓட்டையே எல்லாவற்றினும் கொடியது.

அதன் கொடுமையை உலகம் 2017-இல் கண்டது. அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாள், வலையில் கோப்புகளைப் பகிரும் பழைய முறையொன்றில் இருந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு வெளியாயிற்று. மிகக் கடுமையானது என்றும், தொலைவிலிருந்தே நுழைய இயலும் என்றும், அப்பழைய முறையை நிறுத்திவைப்பது தற்காலிக மாற்று என்றும் அதன் அறிக்கையில் தெளிவாகவே எழுதியிருந்தது. மே 12-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, ‘வான்னாக்ரை’ என்னும் பணயத் தீநிரல் அவ்வோட்டை வழியாகப் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பும் நிலை வந்தது. அங்கு ரத்தான சந்திப்புகள் 19,000-க்கு மேல் என அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் பின்னர் வெளியிட்ட அறிக்கை கூறியது. அவற்றுள் அறுவை சிகிச்சைகளும் அடங்கும். மருந்து வெளியானதற்கும் நோய் பரவியதற்கும் இடையே இருந்தது 59 நாள்கள். திருச்சபைச் சட்டத்தின் மூன்று மாத அவகாசத்தைக் கணினிக்கும் கொடுத்திருப்போர் அனைவரும் அன்று அகப்பட்டிருப்பர்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. புதுப்பிப்பு வெளியானவுடன் அதனைப் படிப்போர் நாம் மட்டுமல்லர். திருடனும் படிக்கின்றான். பழைய மென்பொருளையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, எவ்விடம் மாறியுள்ளது எனக் கண்டால், ஓட்டை இருந்த இடம் அவனுக்குத் தெரிந்துவிடும். ஆகையால்தான் நிறுவனங்கள் விளக்கத்தை அளவோடு எழுதுகின்றன. நம் மனக்குறைக்கு இதுவும் ஒரு விடை எனலாம்.

அப்படியாயின் எத்தனை நாள் காத்திருப்பது? நம் கருத்து இது. தாக்குதல் நடந்துகொண்டிருப்பதாக எழுதியிருப்பின் அன்றே நிறுவுக. இல்லையேல் மூன்று நான்கு நாள்கள் பொறுத்து, ‘அறியப்பட்ட சிக்கல்கள்’ பகுதியைப் படித்து, நம்மிடமுள்ள கருவி அதில் குறிப்பிடப்படவில்லையெனில் சனிக்கிழமை மாலை வேலை முடிந்தபின் நிறுவுக. குறிப்பிடப்பட்டிருப்பின் திருத்தம் வரும் வரை தள்ளிவைக்கலாம். விண்டோஸ் 11-இல் புதுப்பிப்பை ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்க வசதியுண்டு. நிரந்தரமாக அடைப்பதற்கும் நாள் குறித்து நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. நிறுவிய பின் பழுது தெரிந்தால், ‘அப்டேட் ஹிஸ்டரி’ பகுதியிலேயே குறிப்பிட்ட எண்ணுக்குரிய புதுப்பிப்பைப் பெரும்பாலும் நீக்கவும் முடியும்.

படிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அழைப்பிதழ் வடிவங்கள், குடும்பப் படங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் தனி வட்டொன்றில் படியெடுத்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் பெரும் பதிப்பு மாற்றம், சிலருடைய ஆவணக் கோப்புகளையே அழித்துவிட்டது. நிறுவனம் அதனை அக்டோபர் 6-ஆம் நாள் நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. படி வைத்திருந்தவர் பொழுதை மட்டுமே இழந்தார். பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகள் இருக்க வேண்டுமென்று திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதி கூறுகின்றது. இப்பதிவுகளைக் கணினியில் ஏற்றிவிட்டோம் என மகிழும் உடன் குருக்கள், மை கொண்டு எழுதும் ஏட்டைக் கைவிடாதிருப்பார்களாக.

படித்தறிய வாய்ப்பே இல்லாத புதுப்பிப்புகளும் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. 2024 ஜூலை 19-ஆம் நாள், ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்னும் பாதுகாப்பு நிறுவனம் தானாகவே அனுப்பிய பிழையான கோப்பொன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்த காட்சியைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அங்கு எவரையும் எவரும் கேட்கவில்லை, எவரும் படிக்கவுமில்லை. நல்லவேளையாக, அது பெருநிறுவனங்கள் வாங்கும் மென்பொருள். வீட்டுக் கணினிகளில் காண்பது அரிது.

நம் நாட்டில் 2004 முதல் இயங்கிவரும் ‘செர்ட்-இன்’ என்னும் அரசு அமைப்பும் இத்தகைய ஓட்டைகள் குறித்து அறிவுரைகள் வெளியிடுகின்றது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எவ்வளவு கடுமை, தீர்வு யாது என்று ஒரே ஒழுங்கில் அவை இருப்பதால் பழகியவர் ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் இருப்பது நம்மவர் பலருக்குத் தடைதான். இவ்விடத்தில்தான் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் பயன்பட வேண்டும். கடிதம் எழுதிய அம்மையாரின் மூத்த மகள், ‘ஆபத்து, ஆபத்து’ என்று தந்தையிடம் சொல்வதை விடுத்து, வெள்ளிக்கிழமை மாலை அவரருகே அமர்ந்து, நம் அச்சுப்பொறியின் பெயர் இதில் உள்ளதா என்று தமிழில் படித்துச் சொல்லட்டும். மூன்று நாள் தொழில் முடங்கிய மனிதருக்கு வேண்டியது அறிவுரையன்று, உறுதி. தொழிற்கருவியின் பெயர் அப்பட்டியலில் இல்லை என்பதைத் தம் கண்ணால் காணும்போது அவரே பொத்தானை அழுத்துவார் என நம்புகின்றோம்.

அவர்கள் வீட்டுக் கணினி விண்டோஸ் 10 என்று கடிதத்திலிருந்து அறிகின்றோம். அப்பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிக்கப்பட்டது. ஆகவே அடைப்பைத் திறந்தால் மட்டும் போதாது. அக்கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதையும் மகள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏற்காதெனில், புதுக் கணினிக்கான செலவை வரும் திருமணக் காலத்து வருவாயிலிருந்து இப்போதே ஒதுக்கத் தொடங்குவது நன்று.

மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் ‘அவசரப் புதுப்பிப்பு’ இணைப்புகளைத் தொடவே வேண்டாம். ‘உங்கள் கணினியைப் புதுப்பிக்க வேண்டும், திரையை எங்களுக்குக் காட்டுங்கள்’ என்று இனிய தமிழில் தொலைபேசியில் பேசுபவர் எவராயினும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். உண்மையான புதுப்பிப்பு ‘செட்டிங்ஸ்’ வழியாகவே வரும். அதற்குரிய கே.பி. எண்ணைத் தேடினால் கட்டுரை கிடைக்கும். போலிகள் பெரும்பாலும் எண் கேட்டாலே மழுப்புவர்.

கைப்பேசிகளைக் குறித்தும் இருவர் கேட்டுள்ளனர். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பு பற்றிய இடத்தைத் திறந்தால், பாதுகாப்புப் புதுப்பிப்பின் நாள் ஒன்று தெரியும். அந்நாளை ஒரு தாளில் குறித்து வைத்திருங்கள். அது ஓராண்டுக்கு முற்பட்டதாயின், வங்கிச் செயலியை அக்கைப்பேசியில் வைத்திருப்பது பற்றி இல்லத்தார் அமர்ந்து பேச வேண்டியிருக்கும். எஞ்சியதை அடுத்த இதழில் எழுதுவோம்.